மின்னூலை மறுபடி விற்கலாமா?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பெரிய வீட்டை விற்றுவிட்டுச் சின்ன ஃபிளாட்டுக்குப் போவது நல்ல முடிவு. நம் வயதில் மாடிப்படி ஏறி என்ன சாதிக்கப் போகிறோம்? இங்கே எல்லோரும் நலம். கமலாவுக்குக் கண் அறுவை முடிந்தது. இப்போது என் சட்டைக் கறையெல்லாம் அவளுக்குத் தெரிகிறது.

அப்புறம், அச்சுப் புத்தகங்களைப் பழைய புத்தகக் கடையில் போட்டாயிற்று, மின்னூல்களை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். விற்க முடியாதப்பா. இந்தக் கேள்வியை ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பியதே நீ குடியிருக்கும் ஹேக் நகரின் நீதிமன்றம்தான்.

டாம் காபினெட் என்ற டச்சு நிறுவனம் 2014-இல் பழைய மின்னூல் வியாபாரம் தொடங்கியது. பதிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் உடனே மூடச் சொல்லவில்லை. ஆரக்கிள் மென்பொருளை இறக்கிக்கொண்டவர், தன் பிரதியை முடக்கிவிட்டு உரிமத்தை இன்னொருவருக்கு விற்கலாம் என்று 2012-இல் ஐரோப்பிய நீதிமன்றமே சொல்லியிருந்ததே! பிறகு டாம் காபினெட் ஒரு வாசகர் மன்றமாக மாறியது. படித்த நூலைக் கொடு, நான் பிரதி வைத்துக்கொள்ளவில்லை என்று உறுதி சொல், புள்ளி வாங்கிக்கொள். வேறு நூல் வேண்டுமானால் அந்தப் புள்ளியோடு 2 யூரோ. அந்த உறுதிமொழியை யார் போய்ச் சரிபார்ப்பது?

2019 டிசம்பர் 19 அன்று ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. மென்பொருளுக்குத் தனிச் சட்டம், நூலுக்கு அது பொருந்தாது. மின்னூலை இப்படி வழங்குவது பிரதியைக் கைமாற்றுவது ஆகாது, பொதுமக்களுக்குப் படைப்பைக் கொண்டுசேர்ப்பது. அதற்குப் பதிப்புரிமை வைத்திருப்பவரின் அனுமதி வேண்டும். மின்பிரதி தேய்வதில்லை, பழையதும் புதியதும் ஒன்றுதான், அதனால் பழைய சந்தை எழுத்தாளர் வருமானத்தை அச்சு நூலைவிட அதிகமாக அடிக்கும் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். அமெரிக்காவிலும் 2018-இல் பழைய பாட்டுக் கோப்புகளை மறுபடி விற்க உதவிய ரீடிஜி என்ற நிறுவனம் வழக்கில் தோற்றது. கோப்பை அனுப்பினால் அந்தப் பக்கம் புதுப் பிரதி உண்டாகிறது என்பது அங்கே சொன்ன காரணம்.

எழுத்தாளர் வயிற்றைப் பற்றிய கவலை நியாயம்தான். ஆனால் ‘தேய்வதில்லை’ என்பதை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கியவர்களின் நூல்களும் சேர்ந்து போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், சரி. பழைய புத்தகக் கடைக்காரர் கடையைச் சாத்தினால் உன் அலமாரியில் இருப்பதை எடுத்துக்கொண்டா போவார்? விற்கவும் கூடாது, நிலைக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது என்றால், அச்சு நூலை ஒட்டி விலை வைப்பது என்ன கணக்கு? கலிஃபோர்னியாவில் 2025 முதல், கொடுப்பது உரிமம் மட்டுமே என்று கடைக்காரர் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அதையாவது எல்லா நாட்டிலும் செய்யலாம்.

உன் மின்னூல் கடைக் கணக்கை மகளுக்கு எழுதிவைக்கும் யோசனையும் அவ்வளவு சுலபமில்லை. கைமாற்றக் கூடாது என்று பல கடைகளின் ஒப்பந்தத்திலேயே இருக்கும். எதற்கும் படித்துப் பார். புது முகவரியை அனுப்பு, கமலா போட்ட மாவடு ஊறியதும் தெரிந்தவர் யாராவது வந்தால் கொடுத்து விடுகிறேன்.

அன்புடன்,
ராமு