எங்கள் பத்திரங்களின் நேரத்துக்கு யார் பொறுப்பு?

மின்பெட்டகச் சேவையின் நிர்வாகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் குடும்பப் பத்திரங்களைக் கணினியில் காத்து, எது எப்போது கையெழுத்தானது என்று நேர முத்திரை இடுவது உங்கள் சேவை. ஆவணி மாதம் எங்கள் பூர்வீக வீட்டு விவகாரத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். புகார் எண்ணைக் கொடுத்ததே நீங்கள்தான். அதற்கு நீங்கள் அனுப்பிய பதிலில், "பதிவுகளை மறுஆய்வு செய்தோம், அனைத்தும் சரியாக உள்ளன" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் இந்தத் திறந்த மடல்.

பினாங்கில் இருக்கும் எங்கள் ஆச்சி, தன் பங்குக்குக் கொடுத்திருந்த அதிகாரத்தை ரத்து செய்து மின் கையொப்பமிட்டபோது அங்கே பகல் 1:22, இங்கே காலை 10:52. அதிகாரம் பெற்றிருந்தவர் முகப்புத் தூண்களை விற்கச் சம்மதித்துக் கையொப்பமிட்டதாக உங்கள் முத்திரை சொல்லும் நேரம் 10:49. அதே மனிதர் 10:58க்குப் பங்காளிகளின் வாட்ஸாப் குழுவில், "இனிமேல்தான் கையெழுத்துப் போடப் போகிறேன்" என்று எழுதியிருக்கிறார். அவர் பேனாவை எடுக்கும் முன்பே உங்கள் முத்திரை விழுந்துவிட்டது! ரத்துக்குப் பிந்திய கையெழுத்து, உங்கள் கணக்கில் ரத்துக்கு முந்தியதாகிவிட்டது. அந்த முத்திரையைக் காட்டித்தான் நான்கு பர்மாத் தேக்குத் தூண்களையும் லாரியில் ஏற்றினார்கள். முகப்புக் கூரைக்கு இப்போது இரும்புக் குழாய்களை முட்டுக் கொடுத்திருக்கிறோம். "நான் முந்திச் சொன்னேனா, பிந்திச் சொன்னேனா?" என்று ஆச்சி போனில் கேட்கிறார். பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

சாதாரண கணினிக் கடிகாரம் நாளுக்கு ஓரிரு நொடி பிசகுவது இயல்பு. ஒன்பது நிமிடத்துக்கு மேல் பிசகியிருக்கிறது என்றால், முத்திரை இடும் உங்கள் சர்வரின் நேரத்தைப் பல மாதங்களாக ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றுதானே பொருள்? இதற்கு விதி இல்லாமல் இல்லை. தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு கடிகாரங்களை ஒத்திசைக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரலிலேயே உத்தரவிட்டுவிட்டது. டெல்லியில் அந்த ஆய்வகம் சீசியம் அணுக் கடிகாரங்களைக் கொண்டு இந்திய நேரத்தைக் காத்து வருகிறது. சீசியம் அணுவின் கதிர்வீச்சு 919 கோடி முறைக்கு மேல் அதிர்ந்தால் ஒரு நொடி என்று 1967இல் உலகமே வரையறுத்துக்கொண்டது. அவ்வளவு துல்லியமான நேரம் இணையத்திலேயே கிடைக்கிறது. அதை வாங்கி வைத்துக்கொள்ளத்தான் உங்களுக்கு நேரமில்லை.

ஆகவே முதல் கோரிக்கை: உங்கள் சர்வர்களின் நேரம் எங்கிருந்து வருகிறது, யார் சரிபார்க்கிறார்கள் என்பதை எழுத்தில் சொல்லுங்கள்.

அடுத்தது உங்கள் விளம்பரத் தாள். நீல ஒளி வீசும் படத்தின் கீழே "குவாண்டம் பாதுகாப்பு" என்று போட்டிருக்கிறீர்கள். கடிகாரத்தையே சரியாக வைக்காதவர்கள் குவாண்டத்தை எப்படிக் கட்டி மேய்க்கிறீர்கள் என்று அறிய ஆவல். நேர முத்திரை என்பது, பத்திரத்தின் கைரேகை போன்ற கணிதச் சுருக்கத்தோடு நேரத்தைச் சேர்த்து நீங்கள் போடும் மின் கையொப்பம். உங்கள் சான்றிதழைத் திறந்து பார்த்தேன், ஆர்.எஸ்.ஏ. முறை. பெரிய எண்களைக் காரணிகளாகப் பிரிப்பது கடினம் என்ற நம்பிக்கையில் நிற்கும் பூட்டு அது. நுண்துகள்களின் இயல்பைக் கொண்டு கணக்கிடும் குவாண்டம் கணினி போதிய வலுவோடு வந்தால் அந்தப் பூட்டு திறந்துகொள்ளும் என்று கணிதவியலர் பீட்டர் ஷோர் 1994இலேயே காட்டிவிட்டார். அத்தகைய கணினி இன்று இல்லை. வரும் நாளில், எல்லோரும் பார்க்கக்கூடிய உங்கள் பொதுச் சாவியிலிருந்தே, கையொப்பமிடும் ரகசியச் சாவியைக் கணக்கிட்டு, யார் வேண்டுமானாலும் பழைய தேதியில் புதுப் பத்திரத்துக்கு முத்திரை குத்தலாம். ஒன்பது நிமிடத்துக்கே நான்கு தூண்கள் போயின. முப்பது வருடத்தைப் பின்தேதியிட முடிந்தால் வீடே போகும். எங்கள் ஊரில் ஒரு வீட்டின் பங்கு மூன்று தலைமுறைக்குப் பிறகும் பேசப்படும் என்பது உங்களுக்கும் தெரியும். மறையாக்கம் செய்து பூட்டி வைத்த இன்றைய தரவை நகலெடுத்து வைத்துக்கொண்டு, பிறகு திறந்து படிக்கக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். ஆச்சியின் பாஸ்போர்ட் நகலும் பாகப் பிரிவினைத் தொகைகளும் அதற்குள்தான் இருக்கின்றன.

ரகசியச் சாவிகளை ஒளித்துகள்கள் வழியே அனுப்பும் குவாண்டம் சாவிப் பகிர்வுக் கருவிகளை வாங்கித் தனி ஒளியிழை போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அரசின் 6,003 கோடி ரூபாய் தேசிய குவாண்டம் இயக்கம் அதைப் பார்த்துக்கொள்ளட்டும். அணுக் கடிகாரங்களும் அந்த இயக்கத்தின் இலக்குகளில் உண்டு. உங்களிடம் கேட்பது மென்பொருள் மாற்றம். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் குவாண்டம் கணினியைத் தாங்கக்கூடிய மூன்று தரங்களை வெளியிட்டது. அவற்றில் இரண்டு மின் கையொப்பத்துக்கானவை. பழைய பூட்டு உடையும் முன்பே, இருக்கும் பத்திரங்கள் அனைத்துக்கும் புது முறையில் மறுமுத்திரை இட வேண்டும். உடைந்த பிறகு இட்டுப் பயனில்லை. எது அசல், எது பின்தேதியிட்டது என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது.

சரியான நேரத்தில் ஒழுங்காக வருவது உங்கள் ஆண்டுச் சந்தா பில் மட்டும்தான். அந்த சர்வரை மட்டும் யாரோ கவனமாகப் பார்த்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது.

மன்னிக்கவும், பணிவாகவே கேட்கிறேன். நேரம் எங்கிருந்து வருகிறது, மறுமுத்திரை எப்போது தொடங்கும், ஆவணி மாத முத்திரைகளில் எவையெல்லாம் பிசகானவை: இவற்றை எழுத்தில் தாருங்கள். தை மாதம் பங்காளிகள் கூடுகிறோம். அதற்குள் பதில் வந்தால் ஆச்சிக்கு வாசித்துக் காட்டுவேன். வராவிட்டால், பெட்டகத்தில் உள்ள எல்லாப் பத்திரங்களையும் திரும்பப் பெறும் தீர்மானத்தை நானே முன்மொழிவேன்.

இப்படிக்கு,
பங்காளிகளில் ஒருவன்,
தேவகோட்டை