முதலில் குழாய், பிறகு உரிமம்: நகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய நகர மன்றத் தலைவர், உறுப்பினர்கள், உணவுக்கடை உரிமப் பிரிவு அதிகாரிகள் ஆகியோருக்கு வணக்கம்.

பேருந்து நிலையத்தின் பின்சுவரை ஒட்டி வரிசையாக நிற்கும் சிறு உணவுக்கடைகளின் தகரக் கதவுகளில் சென்ற மாதம் ஒட்டப்பட்ட அறிவிப்பைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன். அதன் வாசகத்தை இங்கே திரும்ப எழுத வேண்டியதில்லை. அது உங்கள் அலுவலகத்தில் எழுதப்பட்டு, உங்கள் முத்திரையுடன் வந்தது. கடைக்குள் குழாய் இணைப்பு இல்லாததால் உரிமம் புதுப்பிக்கப்படாது, உரிமம் இல்லாத கடை ஆண்டிறுதிக்குள் மூடப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். அதே வாரத்தில் அதே சுவரின் முன்புறத்தில் உங்கள் மன்றத்தின் மற்றொரு தாளும் ஒட்டப்பட்டது. மொரீசியஸ் தீவின் உண்மையான சுவையைத் தெருவோரத்தில் தேடிக் கண்டடையுங்கள் என்று வெளிநாட்டுப் பயணிகளை உணவுத் திருவிழாவுக்கு அழைக்கும் வண்ணச் சுவரொட்டி அது. அதில் ஒரு பெண்ணின் கை, காயும் தவாவில் தால் பூரியைத் திருப்பிப் போடுகிறது. சுவருக்கு முன்னால் அந்தக் கையின் படம். சுவருக்குப் பின்னால் அந்தக் கைக்குத் தடை. இரண்டையும் ஒரே வாளிப் பசையால் ஒட்டிச் சென்ற ஊழியருக்கு இது உறைத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

நான் கடைக்காரன் அல்லன். அங்கே காலையிலும் நண்பகலிலும் பசியாறுகிற எத்தனையோ பேரில் ஒருவன். என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். மூடும் ஆணையை நிறுத்தி வையுங்கள். அந்த வரிசைக்கென்று ஒரு பொதுக் குழாயும் கழிவுநீர் போக வழியும் அமைத்துக் கொடுங்கள். அதன் பிறகு உரிமத்தைப் பற்றிக் கேளுங்கள்.

அந்த வரிசையில் என்ன கிடைக்கிறது என்பதைச் சுவரொட்டிக்குப் படம் எடுத்தவர் ஓரளவுதான் சொல்லியிருக்கிறார். பொழுது புலர்வதற்கு முன்பே முதல் கடையில் காத்தோ பிமாவுக்கான பருப்பு அரைபட்டிருக்கும். கரகரப்பாக அரைத்த அந்தப் பருப்பில் வெங்காயத்தாள், கொத்தமல்லி, பச்சை மிளகாய் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கிப் போட்டு, நம் வீட்டு மசால் வடையைப் போலத் தட்டாமல், சிறு உருண்டைகளாகப் பிடித்து எண்ணெயில் விடுவார்கள். வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் நான்கைந்தை வைத்து அமுக்கி, தாளில் சுற்றிக் கொடுத்தால், தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள் பேருந்துப் படியில் கால் வைப்பதற்குள் முதல் வாய் கடித்திருப்பார்கள். அடுத்தது தால் பூரிக் கடை. போஜ்புரி பேசிய பீகார் மக்கள் வழிவந்த அந்த மெல்லிய பூரியை இணை இணையாகத்தான் விற்பார்கள், நடுவில் பெரிய மொச்சைக் கறியும் ருகாய் என்னும் தக்காளித் தொக்கும் அச்சார் என்னும் ஊறுகாயும் வைத்து. அதற்கடுத்து, ஹக்கா சீனர்கள் தந்த புலேத் உருண்டைகள் கொதிசாற்றில் மிதக்கும் அண்டா. கடைசிக் கடை, ஊரே அத்தை என்ற பொருளில் தாந்தீன் என்று அழைக்கும் ஒரு தமிழ் மூதாட்டியுடையது. மற்ற நாள்களில் அவரிடம் சோறும் ரசமும் முருங்கைக்கீரையும் கிடைக்கும். வெள்ளிக்கிழமைகளில் ஏழு கறி.

ஏழு கறியைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காவடி முடிந்த நண்பகலில் கோயில் மண்டபங்களில் வாழையிலை முன் அமர்ந்து நீங்களும் உண்டிருக்கிறீர்கள். தேர்தல் ஆண்டுகளில் சற்றுக் கூடுதலாகவே உண்டிருக்கிறீர்கள். ஆனால் ஒரு சாதாரண வெள்ளிக்கிழமையில், திருமணமும் திருவிழாவும் இல்லாத ஒரு நாளில், ஒரு வெளியூர்க்காரர் காசு கொடுத்து அதை உண்ண வேண்டுமென்றால் நம் நகரில் எங்கே போவார்? அண்டைத் தீவான ரெயூனியோனிலிருந்து வந்த ஒரு தம்பதி பேருந்து நிலையத்தில் என்னிடம் இதைத்தான் கேட்டார்கள். தங்கள் பாட்டிமார் செய்த உணவின் நினைவோடு வந்தவர்களுக்குக் கடற்கரை விடுதியின் ‘இந்திய இரவு’ விருந்தில் நான் ரொட்டியும் வெண்ணெய்க் கோழியும் பரிமாறியிருக்கிறார்கள். அவர்களைத் தாந்தீன் கடைக்கு அழைத்துச் சென்றேன். எவர்சில்வர் தட்டின் மீது இலை, இலையில் வாழைக்காய், பலாக்காய், பூசணி, கத்தரி என்று வரிசையாகக் கறிகள், சோற்றில் ரசம், ஓரத்தில் அப்பளம். தம்பதியில் அந்த அம்மையார் முதலில் ரசத்தைத்தான் கையில் ஊற்றிக் குடித்தார். பிறகு கை கழுவ எழுந்து, குழாய் எங்கே என்று கேட்டார்.

குழாய் இல்லை. கதவோரம் இரண்டு நீலக் கேன்கள் இருந்தன. அவற்றில் ஒன்றின் மேல் ஒரு குவளை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. தாந்தீன் அக்குவளையால் மொண்டு அவர் கையில் ஊற்றினார், மிச்சம் பிடித்து ஊற்றினார், ஊற்றிய நீர் வீணாகாதபடி கீழே ஒரு வாளியும் வைத்திருந்தார். அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பதை உங்கள் ஆய்வாளர்கள் எந்த அறிக்கையிலாவது எழுதியிருப்பார்களா என்று அறிய ஆவலாக இருக்கிறேன். சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள பள்ளிவாசலின் வெளிக்குழாயிலிருந்து வருகிறது. பஜ்ரு என்னும் அதிகாலைத் தொழுகை முடிந்த பின், நிர்வாகத்தார் பெருந்தன்மையோடு அனுமதித்திருப்பதால், தாந்தீனின் தங்கை மகன் இருபது லிட்டர் கேன்களை இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு மேடேறி வருகிறான். மழைக்கு முந்தைய வறண்ட மாதங்களில் நேரம் வைத்து நீர் விடும்போது பள்ளிவாசலுக்கே நீர் போதாது. அந்நாள்களில் அவன் நான்கு தெரு தள்ளிப் போகிறான். அரிசி களைந்த நீரில் கீரையின் மண்ணை அலசி, பிறகு நல்ல நீரில் ஒரு முறை கழுவி, பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் துலக்கி, கடைசி அலசலுக்கு மட்டும் கேன் நீரை எடுக்கும் அந்தக் கணக்கை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை, மறந்ததும் இல்லை. அரசு வலியுறுத்தும் உணவுக் கையாளுநர் சான்றிதழ் சட்டமிட்டு அவர் சுவரில் தொங்குகிறது. 2021 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பெட்டிகளுக்குத் தடை வந்தபோது பெரிய கடைகள் மாற்று தேடி அலைந்தன. வாழையிலையில் பரிமாறும் இந்தக் கடையில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

சுகாதாரம் வேண்டும் என்பதில் எனக்கு உங்களோடு கருத்து வேறுபாடு இல்லை. உணவு விற்கும் இடத்தில் ஓடும் நீர் இருக்கத்தான் வேண்டும். அதை உங்களைவிட அதிகமாக விரும்புகிறவர் அந்த மூதாட்டிதான், ஏனெனில் கேன் தூக்குவது அவர் வீட்டுப் பிள்ளை. அவர் குழாய்க்கு விண்ணப்பிக்கவில்லையா என்று கேட்பீர்கள். விண்ணப்பித்தார். நீர் இணைப்புத் தரும் அலுவலகம், நகர மன்றத்தின் நடப்பு உரிமத்தைக் கொண்டுவந்தால் இணைப்புத் தருவதாகச் சொன்னது. உங்கள் உரிமப் பிரிவு, நீர் இணைப்புக்கான சான்றைக் கொண்டுவந்தால் உரிமம் தருவதாகச் சொல்கிறது. பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்று நம் முன்னோர் கேலியாகச் சொன்னதை இரண்டு அரசு மேசைகள் விதியாகவே எழுதி வைத்திருக்கின்றன. இடையில் நிலம் யாருடையது என்று கேட்டு ஒரு கடிதமும் அவருக்கு வந்தது. நிலம் நகர மன்றத்துடையது. அதற்கான வாடகையை மாதந்தோறும் உங்கள் காசாளர் வாங்கிக்கொண்டு ரசீதும் தருகிறார். வாடகை வாங்கும்போது இருக்கிற கடை, குழாய் கேட்கும்போது இல்லாமல் போவது எப்படி என்பதை யாராவது எனக்கு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நம் தலைவர்கள் சிங்கப்பூரை மேற்கோள் காட்டாமல் மேடை இறங்குவதில்லை என்பதால் அந்நகரைப் பற்றி ஒரு செய்தியை நினைவூட்டுகிறேன். அங்கும் ஒரு காலத்தில் உணவு வணிகர்கள் சாக்கடை ஓரத்தில், வாளி நீரில் தட்டுக் கழுவிக்கொண்டுதான் இருந்தார்கள். 1968, 1969 ஆண்டுகளில் அரசு முதலில் அவர்களைக் கணக்கெடுத்துப் பதிவு செய்தது. பிறகு 1971 முதல் 1986 வரை, குழாய் நீரும் மின்சாரமும் கழிவுநீர்ப் போக்கும் உள்ள உணவு மையங்களைக் கட்டி, அவர்களை அங்கே குடியமர்த்தியது. கடையை மூடிவிட்டுச் சுகாதாரம் கண்டதாக அவர்கள் கணக்குக் காட்டவில்லை. 2020 டிசம்பரில் அந்த உணவு மையப் பண்பாட்டை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. சிங்கப்பூரைப் போல ஆவோம் என்பவர்கள் சிங்கப்பூர் செய்த வரிசையிலேயே செய்யலாம்: முதலில் குழாய், பிறகு உரிமம்.

மாறாக நாம் செய்வது என்ன? நான்கு கடைகளை மூடிவிட்டு, விளையாட்டு மைதானத்தில் வெள்ளைக் கூடாரம் அடித்து, விடுதிச் சமையல்காரர்களை அழைத்து வந்து ‘தெருவோர உணவு’ சமைக்க வைக்கப்போகிறோம். நீளத் தொப்பி அணிந்தவர் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒற்றைக் காத்தோ பிமாவை வைத்து, மேலே ஒரு புதினா இலை செருகித் தருவார். அதற்கும் ஓர் ‘இந்திய மூலை’ இருக்கும். அங்கே வெண்ணெய்க் கோழி இருக்கும். அந்தக் கோழி கடந்த நூற்றாண்டின் நடுவில் டில்லி உணவகத்தில் பிறந்தது. 1735இல் பிரெஞ்சு ஆளுநராக வந்த லா பூர்தொனே காலத்தில் புதுச்சேரியிலிருந்து வந்த தமிழ்க் கைவினைஞர்களும், 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களும் அதன் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். பயணிகள் அதை உண்டுவிட்டு மொரீசியஸின் மரபுச் சுவையைக் கண்டோம் என்று படம் எடுத்துப் போடுவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை.

நம் தமிழ் அமைப்புகளையும் இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1998இல் புதிய ரூபாய்த் தாள்களில் தமிழ் எழுத்துகளின் இடம் மாற்றி அச்சிடப்பட்டபோது நம் மக்கள் தெருவில் இறங்கினார்கள், அரசு அத்தாள்களைத் திரும்பப் பெற்றது. அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் எழுத்துக்கு எழுந்த சமூகம் ஏழு கறிக்கு ஒரு கடிதம்கூட எழுதவில்லை. ஆண்டுவிழா மலரில் மரபு உணவுக் கட்டுரைகள் வருகின்றன. விழா மேடையின் பின்னால் விருந்து வழங்குவதோ விடுதி ஒப்பந்தக்காரர். தாந்தீனிடம் சொல்லிவைத்தால் என்ன என்று ஒரு செயலாளரிடம் கேட்டேன். அவருக்கு உரிமம் இல்லையே என்றார்.

மன்னிக்க வேண்டும், கோபம் என்னை மைதானம் வரை இழுத்துச் சென்றுவிட்டது. சுவரோரத்துக்கே திரும்பி வருகிறேன். திருவிழாவை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. கடைகளுக்கு விதிவிலக்குத் தாருங்கள் என்றும் கேட்கவில்லை. உங்கள் நிலத்தில், உங்களுக்கு வாடகை செலுத்தும் நான்கு கடைகளுக்குப் பொதுவாக, உங்கள் பெயரிலேயே ஓர் இணைப்பு வாங்கி, அளவுமானி ஒன்றைப் பொருத்தி, கட்டணத்தை அவர்களிடையே பகிர்ந்து வாங்கிக்கொள்ளுங்கள். நகர மன்றத்தின் பெயரில் விண்ணப்பம் போனால் கடை உரிமத்தைக் காட்டு என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. நிலையத்தின் கழிப்பறைக்கு வரும் பிரதானக் குழாய் அந்தச் சுவருக்கு அப்பால்தான் போகிறது. கழிவுநீர்க் கால்வாயும் அங்கேயே இருக்கிறது. சுவரொட்டிகளுக்கும் கூடாரங்களுக்கும் ஒதுக்கிய தொகையில் இதற்கு இடம் இருக்கும் என்று பணிவுடன் நம்புகிறேன்.

ஆகவே, அடுத்த மன்றக் கூட்டத்தில் மூடும் ஆணையை நிறுத்தி வைக்கும் தீர்மானத்தையும், தைப்பூசத்துக்கு முன் பொதுக் குழாய் அமைக்கும் தீர்மானத்தையும் சேர்த்தே நிறைவேற்றித் தருமாறு உங்களை மரியாதையுடன் கேட்டுக்கொள்கிறேன். உரிமப் பிரிவினரும் பொறியியல் பிரிவினரும் ஏதேனும் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் அங்கே வந்தால், நீர் எங்கிருந்து எடுக்கலாம், தொட்டி எங்கே வைக்கலாம் என்பதைக் கடைக்காரர்களே காட்டுவார்கள். அளவு நாடாவை மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.

இங்ஙனம்,
பேருந்து நிலையக் கடைகளின் வாடிக்கையாளர் ஒருவர்