கழுத்தெலும்பும் அதற்குள் உள்ள வெற்றிடமும்

தருமபுரி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும் நீ கொடுத்தனுப்பிய, உன் நோயாளியின் கழுத்து சி.டி. ஸ்கேன் படத்தொகுப்பும் கிடைத்தன. மாங்காய் வரத்து இந்த ஆண்டு குறைவு என்று எழுதியிருந்தாய். இங்கும் அதே கதைதான். அதைப் பிறகு பேசலாம். ஸ்கேன் படங்களை முப்பரிமாணமாக வரையும் த்ரீடி ஸ்லைசர் மென்பொருளில் த்ரெஷோல்டு (ஓர் எண் வரம்புக்குள் வரும் இடங்களை மட்டும் நிறமிடும் கருவி) போட்டால் கழுத்தெலும்பு முழுவதும் ஒரே கட்டியாக வந்து நிற்கிறது, முள்ளெலும்புகளைத் தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை என்று நீ சலித்துக்கொண்டது நியாயமே. ஆனால் குற்றம் மென்பொருளுடையதன்று, நம் ஊர்த் தண்ணீருடையது.

சி.டி. படத்தின் ஒவ்வொரு வோக்ஸலுக்கும், அதாவது படத்தை ஆக்கும் ஒவ்வொரு சிறு கனத்துண்டுக்கும், ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற அடர்த்தி அளவில் ஓர் எண் உண்டு. நீருக்கு 0, காற்றுக்கு −1000, எலும்புக்குச் சில நூறு முதல் ஆயிரத்துக்கும் மேல். த்ரெஷோல்டு பார்ப்பது அந்த எண்ணை மட்டுமே. அந்த இடத்தில் இருப்பது என்ன உறுப்பு என்பது அதற்குத் தெரியாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களுக்கும் வந்தது 2013-இல்தான். உன் நோயாளி அதற்கு முன் பல்லாண்டுகள் கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் குடித்தவர். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள நீரை நெடுங்காலம் குடிக்கும்போது எலும்பு இறுகுவதோடு, முள்ளெலும்புகளுக்குப் பின்னால் ஓடும் லிகமெண்டும் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) சுண்ணாம்பேறி எலும்பாகவே மாறக்கூடும். எண்ணளவில் அதற்கும் எலும்புக்கும் வேறுபாடு இருப்பதில்லை. ஐலண்ட்ஸ் கருவியை ஓட்டினாலும் பயன் இல்லாததற்குக் காரணம் இதுவே. ஒன்றையொன்று தொடாத துண்டுகளைத்தான் அது பிரிக்கும், உன் படத்திலோ எல்லாமே பாலம் போட்டு ஒட்டியிருக்கிறது.

ஆகவே க்ரோ ஃப்ரம் சீட்ஸ் கருவிக்கு மாறு. ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் ஒரு நிறம், எலும்பாகிப்போன லிகமெண்டுக்கு ஒரு நிறம், சுற்றியுள்ள மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொரு நிறம் என்று மூன்று திசைப் படங்களிலும் சில கோடுகள் தீட்டினால் போதும். பக்கத்துப் பாத்திகளில் ஒரே நேரத்தில் மடை திறந்துவிட்டதைப் போல ஒவ்வொரு நிறமும் பரவி, இன்னொரு நிறத்தைச் சந்திக்கும் இடத்தில் நிற்கும். எல்லை தவறிய இடத்தில் மேலும் ஒரு கோடு தீட்டினால் முன்னோட்டம் உடனே திருந்தும். திருப்தியான பிறகு மட்டும் அப்ளை கொடு. லிகமெண்ட் எங்கே தொடங்குகிறது என்பதை நீதான் சொல்ல வேண்டும், ஏனெனில் உடற்கூறு படித்தவன் நீ.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். எலும்பைப் பிரிப்பதற்கு இவ்வளவு பாடுபட வேண்டுமா என்பதே எனக்கு ஐயம். அந்த மனிதரின் கை மரத்துப்போவதும் நடை தடுமாறுவதும் தண்டுவடம் நெரிபடுவதால் என்று நீ கருதினால், அறுவை மருத்துவர் முதலில் கேட்கப்போவது தண்டுவடம் ஓடும் முள்ளெலும்புக் கால்வாயில் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்பதைத்தான். அந்த வெற்றிடத்தையே ஒரு செக்மெண்டாக, அதாவது தனி நிறப் பகுதியாக, வரைந்துகொள். தூரிகை எங்கே படலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் மாஸ்கிங் பகுதியில் எண் வரம்பை மென்திசுவுக்குரியதாக வைத்து, உருண்டைத் தூரிகையால் தீட்டினால் நிறம் எலும்புக்குள் ஏறாது; நரம்பு வெளியேறும் பக்கத் துளைகள் வழியாக மட்டும் கசியும், அதைக் கத்தரிக்கோல் கருவியால் வெட்டிவிடலாம். ஆனால் மேற்பரப்பை வழவழப்பாக்கும் ஸ்மூத்திங் கருவியை அளவோடு பயன்படுத்து. அழகு கூடும் அதே வேளையில் கால்வாய்க்குள் துருத்தி நிற்கும் மெல்லிய முனைகளை அது மழுக்கிவிடும்.

படத்துக்குள் சுற்றிவருவதற்கு ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு மவுஸை நகர்த்து. குறுக்குவெட்டைக் காட்டும் சிவப்புச் சட்டத்தில் ஓர் இடத்தைத் தொட்டால், பக்கவாட்டு வெட்டைக் காட்டும் மஞ்சள் சட்டமும், முன்புறத் தோற்ற வெட்டைக் காட்டும் பச்சைச் சட்டமும் அதே புள்ளிக்கு வந்து நிற்கும். திரையின் இடப்பக்கம் நோயாளியின் வலப்பக்கம் என்பதை உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனால் கழுத்து வளைந்திருப்பதால் நேர் குறுக்குவெட்டு கால்வாயைச் சாய்வாகவே வெட்டுகிறது. அதில் முன்பின் விட்டத்தை அளந்தால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும், குறுகலான இடமும் பரவாயில்லை என்று தோன்றும். மஞ்சள் சட்டத்தில் வெட்டுக்கோட்டைச் சுழற்றி, கால்வாய்க்குச் செங்குத்தாக நிறுத்திய பிறகே அளவுகோலை எடு. வெளிச்சமும் ஏமாற்றும்: மென்திசுவுக்கான விண்டோவில் (எந்த எண் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்ற அமைப்பில்) வைத்துப் பார்த்தால் எலும்பு ஊதித் தெரியும், எலும்பு விண்டோவில் ஒடுங்கித் தெரியும், எண்கள் மட்டும் மாறுவதேயில்லை.

நீ அனுப்பியதில் உள்ள ஸ்லைஸ்கள் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வெட்டுப் படங்கள்) 5 மில்லிமீட்டர் தடிமன். குறுக்கே அரை மில்லிமீட்டருக்கும் நுண்ணியதாக இருக்கும் படம் நெடுக்கே இவ்வளவு தடித்திருந்தால், முப்பரிமாண உருவம் படிக்கட்டாகத்தான் வரும். எந்தக் கருவியும் அதைச் சரிசெய்யாது. ஸ்கேன் மையத்தில் மெல்லிய தொகுப்பு பெரும்பாலும் சில நாட்களே கணினியில் இருக்கும், பிறகு அழித்துவிடுவார்கள். நாளைக்கே ஆளனுப்பி 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைந்த தொகுப்பை டைகாமாக (ஸ்கேன் படங்களுக்கான கோப்பு வடிவம்) கேட்டு வாங்கு. எனக்கு அனுப்புமுன் நோயாளியின் பெயரை நீக்கிவிடு. ஸ்லைசர் ஆய்வுக்காக உருவான இலவச மென்பொருள் என்பதால், நாம் வரைவது நம் புரிதலுக்கு மட்டுமே; அறிக்கை கதிரியக்க மருத்துவரிடமிருந்தே வரட்டும். தொகுப்பு வந்ததும் கால்வாயை நானும் ஒருமுறை தனியாக வரைகிறேன், இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்