எரிக்கும் முன் இன்னதென்று பாருங்கள்

ஊராட்சித் தலைவர், தீயணைப்பு நிலைய அலுவலர், வட்டார வேளாண்மை மற்றும் தோட்டக்கலை அலுவலர்கள் ஆகியோருக்கு,

வணக்கம்.

அங்கன்வாடிச் சுவரில் போன வாரம் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். புகார் கொடுத்தது யார், சிமென்ட் பூசச் சொன்னது யார் என்றெல்லாம் நான் கிளறப் போவதில்லை. 'விஷ வண்டுக் கூடு அழிக்கப்பட்டது' என்று ஊராட்சி வாட்ஸ்அப் குழுவில் போட்ட படத்தை மட்டும் ஒரு முறை பெரிதாக்கிப் பாருங்கள். சுவர் வெடிப்பிலிருந்து பென்சில் கனத்தில் ஒரு பழுப்புக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. பிசினும் மெழுகும் குழைத்துக் கட்டியது. கொசுத்தேனீயின் வாசல் அது. கொசுத்தேனீயால் கொட்ட முடியாது. மிஞ்சிப்போனால் தலைமயிரில் புகுந்து நறுக்கென்று கடிக்கும். அதைத் தீப்பந்தம் காட்டி எரித்து, மேலே சிமென்டும் பூசியிருக்கிறீர்கள். பிள்ளைகளைக் காப்பாற்றியதற்கு நன்றி. எதனிடமிருந்து என்பதையும் சொல்லிவிட்டால் நல்லது.

அன்று சாயங்காலம், மேயப் போயிருந்தவை காலில் மகரந்தத்தோடு திரும்பி வந்து ஈரச் சிமென்டின் மேல் வாசலைத் தேடி மொய்த்தன. இருட்டும் வரை மொய்த்தன.

சுவருக்குப் பின்னால் இருப்பது என் பாகல் பந்தல். பாகலில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பூச்சி வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். கொசுத்தேனீ வெகுதூரம் போகிற சாதியல்ல; கூட்டைச் சுற்றிச் சில நூறு மீட்டர்தான் அதன் உலகம். அந்தச் சுவர்தான் என் பந்தலுக்குக் காய் பிடிக்க வைத்தது. இப்போது விடிந்ததும் என் மனைவி ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்துவிட்டு, பெண் பூ ஒவ்வொன்றிலும் தொட்டுத் தடவிக்கொண்டு போகிறாள். பூ வாடுவதற்குள் முடிக்க வேண்டும். பந்தலுக்கடியில் அண்ணாந்தபடியே நடப்பதில் கழுத்து பிடித்துக்கொள்கிறது. ராத்திரி தைலம் தேய்த்துப் படுத்து, காலையில் மறுபடியும் அதே வேலை. பூச்சி கூலி கேட்காமல் செய்த வேலை. நூறு நாள் வேலையில் இதையும் சேர்க்க முடியுமா என்று ஊராட்சி அலுவலகத்தில் விசாரிக்கலாமென்று இருக்கிறோம்.

தீயணைப்பு வீரர்கள் மீது எனக்குக் குறையில்லை. கதண்டு, அதாவது நாம் விஷ வண்டு என்கிற பெரிய குளவி, கொட்டினால் உயிரே போகும் என்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ராத்திரியில் பனை மரம் ஏறி அந்தக் கூட்டை அழிப்பவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் கதண்டுக் கூடு மென்ற மரநாரில் காகிதம் போலக் கட்டியது, உருண்டையாகத் தொங்கும். அதில் தேனும் இல்லை, மெழுகும் இல்லை. அதற்கும் தேன் கூட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் பந்தத்தைக் கொளுத்தலாமா? எரிக்கும் முன் இன்னதென்று பாருங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

இது ஆராய்ச்சி நிலையத்தில் செய்ய வேண்டிய வேலையும் இல்லை. தனியாக வாழும் தேனீக்களில் பலவற்றை நுண்ணோக்கியில் இறக்கை நரம்பைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள், ஒத்துக்கொள்கிறேன். கூட்டமாக வாழும் நம்மூர் வகைகளுக்குக் கூட்டைப் பார்த்தாலே போதும். மரப்பொந்துக்குள் அடுக்கடுக்காக அடை இருந்தால் அடுக்குத்தேனீ. குச்சியைச் சுற்றி உள்ளங்கையளவு ஒற்றை அடை என்றால் கொம்புத்தேனீ. உயரத்தில் பலகை போலப் பெரிய ஒற்றை அடை தொங்கினால் மலைத்தேனீ. குழாய் வாசல் என்றால் கொசுத்தேனீ. ஒரு தாளில் படம் போட்டு தீயணைப்பு நிலையத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டினால் முடிந்தது.

அந்தக் குழாயைச் சித்திரையிலேயே படமெடுத்து அலுவலகத்தில் காட்டினேன். "வண்டு மாதிரி இருக்கு, பார்த்து நடந்துக்குங்க" என்றார்கள். பூச்சி என்றால் வேளாண்மை, தேன் என்றால் தோட்டக்கலை, காட்டில் இருந்தால் வனத்துறை, கொட்டினால் ஆஸ்பத்திரி. இன்னதென்று சொல்ல மட்டும் ஒரு நாற்காலி கிடையாது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018இல் பூச்சிகளுக்கென்றே அருங்காட்சியகம் திறந்தார்கள். அங்கே ஊசி குத்தி வைத்திருக்கும் பூச்சிக்கு உள்ள மரியாதை உயிரோடு பறப்பதற்கு இல்லையா?

தேசிய தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கம் என்று 2020இல் தொடங்கி, 500 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். தேனீப் பெட்டிக்கு மானியம், பயிற்சிக்குப் பணம். மே 20 வந்தால் உலகத் தேனீ நாள், உறுதிமொழி, சுவரொட்டி. சுவரொட்டியில் இருப்பது பெரும்பாலும் பெட்டியில் வளர்க்கும் வெளிநாட்டு இனமான இத்தாலியத் தேனீ. அது இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு இத்தாலிமேல் வருத்தமில்லை. ஆனால் கத்தரிப் பூவையும் தக்காளிப் பூவையும் உடம்பை அதிரவைத்துக் குலுக்கினால்தான் மகரந்தம் தாராளமாக உதிரும். நீலவரித் தேனீ அதைச் செய்யும், மூங்கிலைத் துளைக்கும் கருவண்டு செய்யும்; பெயர்தான் வண்டு, அதுவும் தேனீதான். மானியப் பெட்டியில் வருவதற்கு அந்த வித்தை கிடையாது. கருவண்டையோ கண்டவுடன் விளக்குமாற்றால் அடிக்கிறோம். பெட்டிக்கு மானியம் தரும் அரசுதானே பந்தத்துக்கு மண்ணெண்ணெயும் தருகிறது?

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது இவ்வளவுதான்: ஒன்றியத்துக்கு ஒருவருக்காவது பயிற்சி கொடுங்கள். வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கும். புகார் வந்தால் முதலில் அவர் போய்ப் பார்க்கட்டும். கதண்டு என்றால் அழியுங்கள். கொசுத்தேனீ என்றால் விட்டுவிடுங்கள், அல்லது வளர்ப்பவரைக் கூப்பிட்டுப் பானைக்கோ பெட்டிக்கோ மாற்றுங்கள்.

அவசரம் என்னவென்றால், மேல்நிலைத் தொட்டியின் அடியில் மலைத்தேனீ கட்டியிருக்கிறது. அதற்கும் புகார் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அது கொட்டும், ஆபத்துதான், மறுக்கவில்லை. டேங்க் ஆபரேட்டர் பயப்படுவதும் நியாயம். ஆனால் பருவம் மாறினால் அடையை விட்டுத் தானே கிளம்பிப் போய்விடும் இனம் அது. அதுவரை கீழே கயிறு கட்டி ஒரு போர்டு வைக்கலாம். தொட்டியில் ஏறியே ஆக வேண்டுமென்றால் தேன் எடுத்துப் பழகியவரை வரவழைத்துக் கேட்கலாம். தயவுசெய்து பந்தத்தோடு வண்டி கிளம்புவதற்கு முன் எனக்கொரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். தொட்டியடிக்கு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
அங்கன்வாடிக்குப் பின்புறப் பாகல் பந்தல்காரன்