சூடான சோற்றுக்குக் கொடுத்துவைக்காத அரசர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அடுப்பிலிருந்து இறக்கிய ரசம் ஆவி பறக்க இலைக்கு வந்தால்தான் சாப்பிடுவேன் என்று இன்னமும் நீ அடம்பிடிப்பதைப் படித்துச் சிரித்தேன். சென்ற மாதம் மகளுடன் வெர்சாய் அரண்மனையைப் பார்த்து வந்தது முதல், அந்தக் கொடுப்பினை இல்லாத ஓர் அரசரே என் நினைவில் இருக்கிறார்.

பிரான்சை ஆண்ட பதினான்காம் லூயி அந்த அரண்மனையில் இரவு 10 மணிக்கு, அரசவையினர் சுற்றி நின்று பார்க்க, குடும்பத்தாருடன் உண்பார். சமையற்கூடமோ வெகு தொலைவு. காவலர் முன்னே நடக்க, தட்டுகள் முற்றங்களையும் படிகளையும் கூடங்களையும் கடந்து ஊர்வலமாக வரும். எதிர்ப்பட்டவர்கள் அந்த உணவுக்கும் தலைவணங்க வேண்டும். வந்தவுடன் பரிமாறிவிடவும் முடியாது, நஞ்சு கலந்திருக்கிறதா என்று ஊழியர் சுவைத்துப் பார்த்த பிறகே மேசைக்குப் போகும். அதற்குள் சூடு எங்கே மிஞ்சும்?

ஆறிப்போனதற்காக அவர் குறைத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை. நான்கு தட்டு சூப், முழுதாக ஒரு ஃபெசன்ட் கோழி, ஒரு கவுதாரி, பெரிய தட்டு நிறையப் பச்சைக் கீரை, பூண்டு போட்ட ஆட்டிறைச்சி, பன்றித்தொடைத் துண்டுகள், இனிப்புப் பலகாரங்கள், அதன்மேல் பழமும் அவித்த முட்டையும் ஒரே வேளையில் அவர் உண்டதைப் பலமுறை கண்டதாக அவருடைய தம்பி மனைவி எழுதியிருக்கிறார். 1685இல் பல் பிடுங்கியபோது மேல்தாடையில் ஒரு பகுதியும் பெயர்ந்து, குடித்தது மூக்கு வழியாக வந்த நிலையிலும் அந்தப் பசி அடங்கவில்லை. முள்கரண்டி வழக்கத்துக்கு வந்த காலத்திலும் விரலால்தான் உண்டார் என்று அறிந்தபோது, எனக்கு அவர்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது.

அரண்மனையைவிட என்னை நிற்கவைத்தது அவருடைய காய்கறித் தோட்டம். லா கேன்டினி என்ற தோட்டக்கலைஞர் 1678 முதல் 1683 வரை சதுப்பு நிலத்தைத் தூர்த்து உருவாக்கிய சுமார் 9 ஹெக்டேர் அது. புதுக் குதிரை லத்தியின் வெப்பத்தாலும் கண்ணாடி மூடிகளாலும் வசந்தத்தில் முளைக்கும் ஆஸ்பராகஸ் என்ற தண்டுக் காய்கறியைக் குளிர்காலத்திலேயே விளைவித்திருக்கிறார். சுவர்களை ஒட்டிப் படரவிட்ட பேரி மரங்களை இன்றும் காணலாம்.

பருவத்தையே முந்திய மனிதர்களுக்குச் சமையலறையை நாலடி கிட்டே கொண்டுவரத் தோன்றவில்லை! அடுத்து அரசாண்ட கொள்ளுப்பேரன் பதினைந்தாம் லூயி, தமக்கென்று சிறிய அறைகளை ஒதுக்கி, அங்கே நெருங்கிய சிலருடன் உணவருந்தினார். காப்பியைத் தம் கையாலேயே போட்டுக்கொண்டார்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்