எல்கேஜி வகுப்பில் எத்தனை குழந்தைகள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டு மாதம் ஆவதற்குள், "உங்கள் பையன் அடங்குவதில்லை, மற்ற பிள்ளைகளை அடிக்கிறான், கடிக்கிறான், வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மூன்றரை வயதுக் குழந்தையின் பெற்றோரிடம் சொல்லி அனுப்புவது பல ஊர்களில் நடக்கிறது. எங்கள் தெருவிலேயே ஒரு தாய் அப்படி அழுதுகொண்டு வந்து என்னிடம் யோசனை கேட்டார். தனியார் மழலையர் பள்ளிகளில் 24 ஆண்டுகள் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளை நடத்தி ஓய்வுபெற்றவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் என் வகுப்பில் 43 குழந்தைகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் நாள் தவறாமல் யாரையாவது கடித்துவிடுவான். ஒரு மாதம் வரை நானும் வழக்கமான வழிகளையே கையாண்டேன். அதட்டினேன், கதவோரம் நிற்கவைத்தேன், டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பினேன். எங்கள் வகுப்பு ஆயாம்மாதான் ஒருநாள், "மிஸ், அவன் பத்தரை மணிக்கு முன்னால யாரையும் கடிக்கிறதில்லையே, கவனிச்சீங்களா?" என்று கேட்டார். அதன்பின் ஒரு வாரம், அவன் கடித்த நேரம், அதற்குச் சற்றுமுன் நடந்தது, அருகில் இருந்தவர் யார் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துவைத்தேன். பெரும்பாலும் சிற்றுண்டிக்கு முன் கை கழுவ வரிசையில் நிற்கும்போதுதான் அது நடந்தது. இருந்தது ஒரே குழாய். பின்னால் நிற்பவர்கள் நெருக்கித் தள்ளுவார்கள். காலை ஏழு மணிக்கு வேனில் ஏறும் அந்தப் பிள்ளை ஒரு டம்ளர் பாலைத் தவிர வேறெதுவும் சாப்பிடாமல் வருகிறான் என்பது அவன் அம்மாவிடம் கேட்டபோது தெரிந்தது. வந்தவுடன் சாப்பிட இரண்டு இட்லி கொடுத்தனுப்பச் சொன்னேன். கை கழுவுவதற்குப் பத்துப் பத்துப் பேராக அனுப்பினேன். துண்டைப் பிடித்துக்கொண்டு முதலில் நிற்கும் பொறுப்பை அவனுக்குக் கொடுத்து, யாராவது இடித்தால் "தள்ளாதே" என்று உரக்கச் சொல்லவும் பழக்கினேன். ஒரே நாளில் மாறிவிடவில்லை. தீபாவளி விடுமுறைக்குள் கடிப்பது நின்றுவிட்டது. அந்த ஒரு மாதம் அவனைக் கதவோரம் நிற்கவைத்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

இந்த வயதுக் குழந்தைக்குக் காத்திருக்கத் தெரியாது. பசியையும் தூக்கத்தையும் பயத்தையும் சொல்லத் தெரியாது. கையும் பல்லும்தான் முந்திக்கொண்டு பேசும். அந்தக் குழந்தையை அரை மணி நேரம் வாய்மேல் விரல் வைத்து உட்காரச் சொல்கிறோம், நான்கு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதச் சொல்கிறோம். வீட்டில் தமிழைத் தவிர வேறு மொழியே கேட்டறியாத பிள்ளைக்கு எல்லாக் கட்டளைகளையும் ஆங்கிலத்தில் இட்டு, புரியாமல் விழிப்பதைப் பிடிவாதம் என்று எழுதி அனுப்புகிறோம். கூப்பிட்டால் திரும்புவதே இல்லை என்று பெயரெடுத்த இரண்டு பிள்ளைகளுக்கு, பரிசோதித்தபோது காது சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு இருமுறை மருத்துவக் குழு பரிசோதனை செய்ய வேண்டும். தனியார் மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த ஏற்பாடு இல்லை.

ஆசிரியைகளை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. நாற்பது பிள்ளைகளோடு தனியாக நிற்கும் ஒருவர், ஒரு குழந்தையைக் கழிப்பறைக்கு அழைத்துச் சென்றால் மற்ற 39 பேரை யார் பார்ப்பது? குழந்தைகள் தாமே செய்து கற்கும் முறையை உருவாக்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய முறையில் மௌனமும் ஒரு விளையாட்டுதான். குழந்தைகள் தாமாகவே அசையாமல் அமர்ந்து, மெல்லிய குரலில் தம் பெயர் அழைக்கப்படுவதற்காகக் காத்திருப்பார்கள். என் வகுப்பில் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். இருபது பேர் இருந்த நாட்களில் அழகாக நடந்தது. நாற்பது பேரை வைத்துக்கொண்டு ஒருநாளும் முடிந்ததில்லை.

மத்திய அரசின் 2013-ஆம் ஆண்டு முன்பருவக் கல்விக் கொள்கையும் மூன்று முதல் ஆறு வயது வரையிலான 20 குழந்தைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்றே கூறுகிறது. உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்யும் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவோ ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்கு உரியது. எல்கேஜி குழந்தை அதற்கு வெளியே நிற்கிறது. குழந்தைக்குக் கொடுமை இழைப்பதைக் குற்றமாக்கும் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு இந்த வயதினருக்கும் பொருந்தும் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

தனியார் பள்ளிகளின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க வரும் கல்வி அதிகாரிகள் கட்டட உறுதிச் சான்றையும் தீயணைப்புத் துறைச் சான்றையும் பார்ப்பதோடு எல்கேஜி அறைக்குள்ளும் சென்று தலைகளை எண்ண வேண்டும். இருபதுக்கு மேல் இருந்தால் இன்னொரு ஆசிரியையை நியமித்த பிறகே அங்கீகாரம் வழங்க வேண்டும். ஒரு குழந்தையை வேண்டாம் என்று அனுப்புவதற்கு முன், அந்தப் பிள்ளைக்காக என்னென்ன செய்து பார்த்தோம் என்பதைப் பள்ளி நிர்வாகம் பெற்றோருக்கு எழுத்தில் தர வேண்டும் என்றும் பள்ளிக் கல்வித் துறை ஆணையிட வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மழலையர் பள்ளி ஆசிரியை,
தஞ்சாவூர்.