ஆடிட்டுக்கு வரும் மேடத்துக்கு

அன்புள்ள மேடம்,

அடுத்த வாரம் எங்கள் வார்டில் நோயாளிப் பராமரிப்பைச் சரிபார்க்கும் ஆடிட் என்று சர்க்குலர் வந்திருக்கிறது. வருமுன் இதைப் படித்தால் நன்றாக இருக்கும்.

செவிலியர்களுக்கு ஆடிட் என்றாலே ஆகாது என்று உங்கள் பக்கம் ஓர் எண்ணம் இருக்கிறது. அது சரியில்லை. கிரிமியப் போரில் காயத்தால் இறந்த வீரர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே அதிகம் என்று 1858-இல் வரைபடம் போட்டுக் காட்டிய நைட்டிங்கேல் ஒரு செவிலியர்தான். கணக்கெடுப்பு எங்களுக்கு அந்நியம் இல்லை. நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள் என்பதுதான் உறுத்துகிறது.

படுத்த படுக்கையாக இருப்பவரை, புண் வராமலிருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கிறோம். சார்ட்டில் 2, 4, 6 என்று கட்டங்கள். விடியற்காலை 4 மணிக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு மூச்சுத் திணறல். டூட்டியில் இருக்கும் இருவரும் அங்கே ஓடுகிறோம். இவரிடம் திரும்பி வரும்போது மணி 5.10. இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறதா, அழுத்தினால் வெளுக்கிறதா என்று பார்க்கிறோம். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து, குதிகால் படுக்கையில் படாமல் வைக்கிறோம். 5.10 என்று உள்ளபடி எழுதினால் உங்கள் அறிக்கையில் அது குறை. 4 மணிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் முழு மதிப்பெண். தோலைப் பார்த்ததற்குக் கட்டமே கிடையாது. உள்ளதை எழுதினால் மெமோ வரும் என்றால், புதிதாகச் சேர்ந்த பெண் எதைக் கற்றுக்கொள்வாள்?

கை கழுவுவதும் இப்படித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதலில் உள்ள, கை கழுவ வேண்டிய ஐந்து தருணங்களும் எங்களுக்கு மனப்பாடம். நீங்கள் படிவத்தோடு நின்றால் கூடுதலாகவே கழுவுவோம். யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்தாலே நடத்தை மாறும் ஹாதோர்ன் விளைவு உங்களுக்குத் தெரியாததல்ல. அப்படிக் கிடைக்கும் கை கழுவல் சதவீதத்தை வைத்து எங்களைப் பாராட்டவும் வேண்டாம். கையில் தேய்த்துச் சுத்தம் செய்யும் ஹேண்ட் ரப் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, காலியானால் உடனே வருகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், முடிவுகள். எங்கள் வார்டில் எடுத்த கணக்கு விளக்கம் கேட்கும் கடிதமாக மட்டுமே எங்களிடம் திரும்புகிறது. படுக்கைப் புண் கூடியதா குறைந்ததா என்பதைக்கூட நாங்களே கேட்டு அலைய வேண்டியிருக்கிறது.

ஒருமுறை இரவு டூட்டியிலும் வாருங்கள். முதலில் நோயாளியைப் பாருங்கள், பிறகு கேஸ் ஷீட்டைத் திறங்கள். 5.10 என்று கண்ணில் பட்டால், அந்த நேரத்தில் வார்டில் எத்தனை நோயாளிகள், டூட்டியில் எத்தனை பேர் என்று கேட்டு, அதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வார்டு செவிலியர்